தாரிணி ஃபீஸ் கட்டிய கதை

தாரிணி வீட்டில் ஒரு ஆண் இருக்கிறான் என்று முதலில் சந்தேகப்பட்டவள் நான்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தத் தெலுங்கு நகரத்தில், எங்கள் கொண்டாப்பூர் பக்கம் இப்போது கட்டுகிற சுவர்களின் லட்சணம் தெரிந்ததுதான், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கமிருந்து வாழ்த்தலாம். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அவள் யாருக்கோ பதில் சொல்வது கேட்கும். "கரண்ட் பில்." சற்று நேரம் கழித்து, "அத்தைக்கு." இன்னொரு நாள், "செருப்பு, பழசு அறுந்துபோச்சு." கேள்வி கேட்கிற குரல் மட்டும் கேட்டதே இல்லை.

அவள் புருஷனைப் பறிகொடுத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு வாய் நீளம். இதே ஊரில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே சிரிக்கத் தெரியாது. நேரே போய்க் கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனாள். கட்டிலில் அவள் புருஷன் ஸ்ரீகாந்த் படுக்கிற பக்கம், அவன் தலையணை மேல், அவனுடைய போன் சார்ஜரோடு கிடந்தது.

"ஓடிபி இதுலதான் வரும் ஆன்ட்டி" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டு ஏற்பாடு அப்படி. அவள் ஐ.டி. கம்பெனியில் ஆஸ்பத்திரி பில் போடுகிற சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தாள், நல்ல சம்பளம். அந்தச் சம்பளம் வந்த அன்றே ஸ்ரீகாந்தின் பேங்க் கணக்குக்குப் போய்விடும். பிறகு அவள் எதற்குப் பணம் எடுத்தாலும் ரகசிய எண் அவன் போனுக்கு வரும். அவன் எங்கே இருந்தாலும் இவள் கூப்பிடுவாள். அவன் "எதுக்கு?" என்பான். இவள் சொல்வாள். உடனே எண்ணைப் படித்துச் சொல்வான். கஞ்சன் என்று அவனைச் சொல்லமாட்டேன், நல்ல பிள்ளை, வேண்டாம் என்று சொல்லவும் மாட்டான். மற்றவர்கள் போனை எடுத்ததும் ஹலோ சொல்கிற மாதிரி இவனுக்கு அந்தக் கேள்வி. இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கை நிறையச் சம்பாதிக்கிறவள் காலுக்குச் செருப்பு வாங்குவதற்கு ஒருத்தனிடம் காரணம் சொல்ல வேண்டுமா?

ஸ்ரீகாந்த் ஆபீஸ் பார்க்கிங்கில் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நிமிர்ந்தவன், அப்படியே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு. நாற்பதுகூட ஆகவில்லை. சொந்த ஊரான மன்னார்குடிக்குக் கொண்டுபோய்க் காரியம் செய்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. தாரிணி தனியாகத் திரும்பி வந்தாள், வேலைக்குப் போனாள், பேங்கில் மட்டும் சொல்லவில்லை. சம்பளம் பழையபடி அவன் கணக்குக்கே போனது. எண் வந்து தலையணை மேல் போன் டிங் என்று சத்தம் போடும்போது, அவன் கேட்டு முடிக்கிற அளவுக்குப் பொறுத்திருப்பாள். பிறகு காரணத்தைச் சொல்வாள். அதற்கப்புறம்தான் எண்ணைப் பார்ப்பாள்.

இதில் அவளுடைய மாமியாருக்கும் பங்கு உண்டு. மன்னார்குடியில் தனியாக இருக்கிற மைதிலி அம்மாளுக்கு மாதம் பிறந்ததும் மகன் கணக்கிலிருந்து பணம் போகும். அந்த அம்மாளின் போனில் பணம் வந்த செய்தியோடு ஸ்ரீகாந்தின் பேரும் வரும். இங்கிலீஷ் தெரியாது, மகன் பேரின் எழுத்துகள் மட்டும் அடையாளம் தெரியும். மகன் செத்துப்போனது தெரியாதவர் இல்லை, அவன் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று கிடந்தவர். இருந்தும் மளிகைக் கடைக்காரரிடம் போனைக் காட்டி, "எம்புள்ள அனுப்பிட்டான், கணக்கைப் பாத்துக்க" என்பாராம். இதைச் சொல்லும்போது தாரிணியின் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

போன வருஷம் ஒரு நாள், ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் மேற்படிப்பு படிக்கப்போகிறேன் என்று வந்து நின்றாள். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கல்வி நிலையம். இரண்டு வருஷம், வளாகத்திலேயே தங்கிப் படிக்க வேண்டும், வீட்டிலிருந்து போய்வர அனுமதி இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தப் போனையும் தலையணையையும் விட்டு இவள் எங்கே போனாலும் சரி என்று நினைத்தேன். விண்ணப்பக் கட்டணத்தை நானே என் கார்டில் கட்டினேன். உன் பிறந்தநாளுக்கு என்றேன்.

அப்போதுதான் அவள் பழைய கதையைச் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்னாலும் இதே படிப்புக்கு விண்ணப்பிக்கப் பார்த்தாளாம். ஸ்ரீகாந்த் ஆபீஸ் பஸ்ஸில் இருந்தான். வழக்கம்போல எதுக்கு என்று கேட்டான். இவள் சொன்னாள். "ரெண்டு வருஷம் ஹாஸ்டல்லயா? அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றான். எண்ணைச் சொல்லவில்லை. நேரம் முடிந்து திரை தானாகப் பழைய பக்கத்துக்குப் போய்விட்டது. சண்டை ஒன்றும் போடவில்லையாம், ராத்திரிக்குத் தோசை வார்த்தாளாம். அவன் எண்ணைச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

நுழைவுத் தேர்வை நன்றாகவே எழுதினாள். நேர்காணலுக்கு நானும் துணைக்குப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவளின் முகம் வெளுத்திருந்தது. விண்ணப்பத்தில் திருமணமானவர் என்று போட்டிருந்தாள். அதைப் பார்த்து உள்ளே ஒருவர், இரண்டு வருஷம் விட்டுவிட்டு இருக்க உங்கள் கணவர் சம்மதிப்பாரா என்று கேட்டிருக்கிறார். இவள், அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவர்கள் சிரித்தார்களாம்.

இடம் கிடைத்தது. முதல் வருஷத்துப் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்த்து வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். பணத்துக்குக் குறைவில்லை, அவன் கணக்கில் அவளுடைய பல வருஷத்துச் சம்பளம் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் லேப்டாப்பையும் அந்தப் போனையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. எத்தனை முறை முயன்றாலும் நேரம் முடிந்துபோகிறது, நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்றாள்.

இவ்வளவுதானா என்று போனை வாங்கினேன். டிங் என்றது. எண்ணை உரக்கப் படித்தேன். அவள் விரல்கள் கீபோர்டின் மேல் இருந்தன, அசையவில்லை. மறுபடி படித்தேன். திரை பழைய பக்கத்துக்குப் போனது. இன்னொரு தடவையும் அப்படியே.

"ஏன் இப்படிப் பண்றே? அடியேய், நம்பரை அடி" என்றேன்.

"எதுக்குன்னு கேட்டாரு. சொல்லிட்டேன் ஆன்ட்டி. அதுக்கப்புறம் பேசவே மாட்டேங்கிறாரு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்த நாடகம் எல்லாம் நக்கோ, வேண்டாம் தாரிணி, அவன் செத்து ரெண்டு வருஷமாச்சு, செத்தவன் எப்படிப் பேசுவான் என்று கத்திவிட்டேன். பேங்கிடம் மறைத்தது போதாதென்று உன்னிடமே மறைக்கிறாயா என்றும் கேட்டேன். அவள் அழவில்லை. லேப்டாப்பை மூடிக்கொண்டு, போனை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான்தான் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மணியடித்தாள். குளித்து, நல்ல புடவை கட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு நின்றாள். உள்ளே இறப்புச் சான்றிதழ். பேங்குக்குத் துணைக்கு வரச் சொன்னாள். பேங்கில் சொன்னால் கணக்கை முடக்குவார்கள், வெள்ளிக்கிழமை போய்விடும், அதற்கு அந்த எண்ணை நீயே அடித்துத் தொலைக்கக் கூடாதா என்றேன்.

"அவரு இருக்குற வரைக்கும் அவரைக் கேக்காம என்னால எடுக்க முடியாது ஆன்ட்டி. அவரு இல்லைன்னு யாராவது எழுதிக் குடுக்கணும். நான்தான் குடுக்கணும்."

பேங்கில் இருந்த அதிகாரி தெலுங்குப் பையன், மரியாதையானவன். சான்றிதழில் இருந்த தேதியைப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், மறுபடி தேதியைப் பார்த்தான். போன வாரம்கூடப் பணம் போயிருக்கிறதே, யார் எடுத்தது என்று தெலுங்கில் கேட்டான். தாரிணியும் தெலுங்கிலேயே, அவர்தான் என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். பிறகு மேனேஜர் அறைக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டோம். இது குற்றம் தெரியுமா என்று அவர் சத்தம் போட்டார். மனைவி, வாரிசாகப் பேர் குறித்திருப்பதும் இவள்தான், வந்த பணமும் இவள் சம்பளம் என்று பார்த்தபிறகு, விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். பணம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்.

கல்வி நிலையத்துக்கு அவள் அங்கேயே உட்கார்ந்து மெயில் எழுதினாள். என் கணவர் இறந்துவிட்டார், விண்ணப்பத்தில் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன், பேங்க் காரியம் முடியும்வரை அவகாசம் வேண்டும். அவர்கள் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நானும் நினைக்கவில்லை.

அவள் வீட்டுக்கு வந்து நான் காபி கலந்துகொண்டிருந்தபோது, படுக்கையறையில் அந்தப் போன் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். பேங்கிலிருந்து செய்தி. அன்புள்ள ஸ்ரீகாந்த், தாங்கள் காலமானதாகத் தெரிவிக்கப்பட்டதால் தங்கள் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது. அவனுக்கே சொல்லிவிட்டார்கள். நான் ஜெபமாலையைத் தேடினேன், அது என் வீட்டில் இருந்தது. தாரிணி கட்டிலில் அவளுடைய பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, நான்தான் காட்டிக்கொடுத்துட்டேன் என்று முனகினாள். காபி ஆறிப்போனது.

பணம் வந்தது, கட்டினாள், போனாள். இப்போது பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலமானால் அந்தப் பக்கம் யாரோ எதுக்கு என்று கேட்பதுபோல் எனக்கே தோன்றுகிறது. பதில் சொல்ல ஆளில்லாத கேள்வி இன்னும் மோசம். சொன்னால் என் புருஷன் சிரிக்கிறார்.

சேர்ந்த மாதம் முடிந்து அடுத்தது பிறந்ததும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எலுமிச்சை ஊறுகாயும் முறுக்கும் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். சின்ன அறை, ஒற்றைக் கட்டில், ஜன்னலுக்கு வெளியே பாறை. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. கூடப் படிக்கிற பிள்ளைகள் தன்னை அக்கா என்று கூப்பிடுவதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது மன்னார்குடியிலிருந்து போன். அவள் முறுக்கு கையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா தாரிணி, பணம் வந்துருச்சு. ஆனா வேற பேரு வந்துருக்கே. கடைக்காரர் உம் பேருங்கறாரு."

"எம் பேருதான் அத்தை. இனிமே எங்கிட்டேருந்துதான் வரும்."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நெசமாவே போயிட்டானாம்மா?"

தாரிணி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது எடுத்துக்கொடுப்பேன் என்று காத்திருக்கிற பார்வை. நான் வாயைத் திறக்கவில்லை, என் வாழ்க்கையில் வாயை அடக்கியது அநேகமாக அப்போதுதான். அவள் போனை எடுத்து, ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா அத்தை" என்றாள். "போயிட்டாரு."