பனங்கொட்டை தேடிய கைகள்

இரண்டு கிழமையாக இந்தப் பத்தி வரவில்லை. மீன் கடையில் ஒருவர் கேட்டார், என்ன, எழுத விஷயம் முடிந்துவிட்டதோ என்று. இன்னொருவர், வெளிநாட்டுப் பயணமோ என்றார்.

இரண்டும் இல்லை. என் அத்தான் செத்துப்போனார். அக்காவின் கணவர், தம்பலகாமத்துப் பரமலிங்கம்.

பழைய வாசகர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். வளவுக்குள் யானை புகுந்து வாழைக்குலை முழுவதையும் தின்றுவிட்டுப் போனபோது, “அதுக்கும் வயிறு இருக்குத்தானே” என்று சொன்ன மனிதர். இங்கே எழுதியிருந்தேன். வாசித்துவிட்டுச் சிரித்ததாகப் பலர் சொன்னீர்கள். இன்றைக்குச் சிரிக்க ஒன்றும் இல்லை... மன்னித்துக்கொள்ளுங்கள்.

விசர்நாய்க்கடி நோய் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அத்தானை எந்த நாயும் கடிக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம் இதை நம்பவே இல்லை. நாய் கடிக்காமல் எப்படி விசர்நாய்க்கடி வரும்? நியாயமான கேள்விதான். அத்தானும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

சிறுபோக அறுவடைக் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வளவுக்குள் ஆட்கள் கூடி நின்றார்கள். நடுவில் சிவப்பி — அவர்களுடைய கறவைப் பசு. கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து வீணீர் கயிறு போல வடிந்தது. கத்த முயன்றது, குரல் அடைத்துப்போயிருந்தது. வாளியில் தண்ணீர் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே தீர்ப்புத்தான். பனங்கொட்டை! பனம்பழம் விழுகிற காலம். மாடு பழத்தைத் தின்றிருக்கும், கொட்டை தொண்டையில் சிக்கியிருக்கும். வந்து பார்த்த எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் சொன்னேன். பத்தி எழுதுகிறவன் அல்லவா, கொஞ்சம் உரத்தே சொன்னேன்.

அடுத்து என்ன செய்வது என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் கயிற்றைப் பிடிப்பார்கள். ஒருவர் நாக்கை இழுத்துப் பிடிப்பார். ஒருவர் முழங்கை வரை உள்ளே விட்டுக் கொட்டையைத் தேடுவார். வாயில்லாச் சீவன்... நாங்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

அத்தான் முதலில் கையை விட்டார். அடுத்தது நசீர் நானா. கிண்ணியாவிலிருந்து தயிருக்குப் பால் எடுக்க வருகிறவர். தனக்குக் கை நீளம் என்று சொல்லி அவரும் விட்டார். பிறகு நான். உள்ளே சூடாக, வழுவழுவென்று இருந்தது. கொட்டை மட்டும் இல்லை.

“இன்னும் உள்ளுக்குக் கிடக்கும்” என்று அத்தான் மறுபடியும் விட்டார்.

முதல்நாள் வேலிக் கம்பி கிழித்த காயம் அவருடைய விரலில் பச்சையாக இருந்தது. சுற்றியிருந்த துணி நனைந்து கழன்று விழுந்தது. இப்போது கண்ணை மூடினால் அந்தத் துணிதான் தெரிகிறது. அன்றைக்கு அதை யார் பார்த்தது?

மத்தியானம் மிருக வைத்தியர் வந்தார். இளம் பெண். மாட்டைச் சற்றுத் தள்ளி நின்றே பார்த்தார். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. மாட்டைத் தொடப் பயப்படுகிற மாட்டு டாக்டரா? அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

“ஆர் ஆர் வாய்க்குள்ள கை விட்டனீங்கள்?”

மூன்று பேரும் பெருமையாகக் கையை உயர்த்தினோம்.

“அண்மையில நாய் ஏதும் இந்த மாட்டைக் கடிச்சதோ?” என்று அடுத்த கேள்வி. அக்காதான் யோசித்து யோசித்துச் சொன்னார். கொஞ்ச நாளைக்கு முன் குளத்தடியில் ஒரு தெருநாய் மாடுகளுக்குள் பாய்ந்தது. சிவப்பியின் மூக்கில் சின்னக் கீறல். மஞ்சள் பூசினார்கள், ஆறிவிட்டது.

டாக்டரின் முகம் மாறியது. “விசர் போலத்தான் கிடக்கு. செக் பண்ணித்தான் உறுதியாச் சொல்லலாம். ஆனா நீங்கள் அதுவரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.”

எங்களைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில், கால் மணித்தியாலம் கழுவ வைத்தார். இடையில் கையை உதறிய நசீர் நானாவை மறுபடியும் கழுவச் சொன்னார். அத்தான் காயத்துக்குத் தேங்காயெண்ணெய் கேட்டார். ஒன்றும் பூசக்கூடாது என்று தடுத்தார்.

“கழுவினதோட முடியேல்லை. மூண்டு பேரும் இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கோ. கடிக்கவேணும் எண்டில்லை ஐயா. வீணீர் காயத்தில பட்டாலே காணும்.” இதைச் சொல்லும்போது அத்தானின் விரலைத்தான் பார்த்தார்.

நசீர் நானா அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். “அல்லாட காவல், ஆனா நாமளும் போகத்தானே வேணும்” என்றார். நான் அத்தானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

வயல் வரைக்கும்தான் போனோம். அங்கே வெட்டு மிஷின் நின்றது. அறுவடை நேரத்தில் மிஷின் கிடைப்பது என்ன இலேசா? முறை தவறினால் கதிர் மழையில் படுத்துவிடும். அத்தான் தோளில் தட்டி வண்டியை நிறுத்தினார்.

“நீங்கள் போங்கோ தம்பி. நான் நாளைக்குப் போடுறன்.”

“அத்தான், டாக்டர் இண்டைக்கே எண்டு...”

“என்னை என்ன, நாயா கடிச்சது? நான் பிள்ளை போல வளர்த்த மாடு. நாளைக்குப் போறன் எண்டுறன்தானே.”

இறங்கி வரப்பில் நடந்து போனார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் என் ஊசியைப் போட்டுக்கொண்டேன்.

சிவப்பி இரண்டு நாளும் தாங்கவில்லை. தலையை ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உடலை ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். விசர்தான் என்று முடிவு வந்தது.

உடனே போன் எடுத்தேன். “இஞ்ச கிட்டத்து ஆஸ்பத்திரியில போட்டிட்டன் தம்பி” என்றார் அத்தான். சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வந்து கேட்டபோது, “மச்சானோட டவுனுக்குப் போய்ப் போட்டனான்” என்றாராம். மச்சான் என்றது என்னை. அக்காவிடம், நெல் கொடுக்கப் போன வழியில் போட்டதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று பேருக்கு மூன்று கதை. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? வீட்டுக்குப் பெரிய மனிதர். அத்தான் சொன்னால் சொன்னதுதான். சட்டைக் கையை உயர்த்துங்கள், ஊசி போட்ட இடத்தைப் பார்க்கவேண்டும் என்று அவரிடம் கேட்கிற மரியாதைக்கேடு எங்கள் ஒருவரிடமும் இருக்கவில்லை.

காயமும் நன்றாக ஆறிவிட்டது. அதை என்னிடம் காட்டிச் சிரித்தார் கூட.

மாரிமழை தொடங்கியது. பெரும்போகத்துக்கு விதைத்து முடித்த கையோடு அத்தானுக்குக் காய்ச்சல். ஆறிய விரலில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். மூன்றாம் நாள் காலை அக்கா தேத்தண்ணி கொடுத்தார். கோப்பையை வாங்கினார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனதும் தொண்டை இழுத்துக்கொண்டது. கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, “நாய் கடிச்சதா?”

“இல்லை” என்றார் அக்கா. உண்மைதானே?

நான் மாட்டுக் கதையைச் சொன்னேன். டாக்டர் முழுவதையும் கேட்டார். பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். நோயின் குணங்குறி தெரியத் தொடங்கிவிட்டால் இதற்கு மருந்து இல்லை என்றார். வலி தெரியாமல் வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குளத்தையும் வானத்தையும் பார்த்தே வாழ்ந்த மனிதர், ஜன்னலைச் சாத்தச் சொன்னார். தண்ணீர்ச் சத்தம் வேண்டாமாம். அந்த நேரத்தில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர் கொஞ்சம் தெளிவாக இருந்த நேரத்தில் கேட்டேன். “அத்தான், அந்த ஊசி...?”

தலையை ஆட்டினார். “போடேல்லை தம்பி. பயமாக் கிடந்தது. சின்னனில ஒருத்தருக்குத் தொப்புளைச் சுத்திப் போடுறதைப் பார்த்தனான். அவர் கத்தின சத்தம் இன்னும் காதுக்குள்ள கிடக்குது.”

வளவுக்குள் வந்த யானைக்குப் பயப்படாத மனிதர்! தொப்புளைச் சுற்றிப் போடுகிற காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். நான் போட்டுக்கொண்டேனே, பெரிய நோவும் இல்லை. என் சட்டைக் கையை உயர்த்தி அவருக்கு அன்றைக்கே காட்டியிருக்கலாம்... அவர் பயப்படுவார் என்று யார் கண்டது? பயத்தைச் சொல்ல அவருக்கு வெட்கம். கேட்க எங்களுக்கு வெட்கம்.

மறுநாள் போய்விட்டார்.

‘நாய்க்கடி ஊசி’ — யார் வைத்த பெயரோ. நாய், பூனை, கீரி, மாடு, எதிலிருந்தும் வரும். கடி, கீறல், காயத்தில் பட்ட வீணீர், எதனாலும் வரும். வளர்ப்பு நாய்க்கு வருடா வருடம் ஊசி போட ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள். நாயைப் பிடிக்க முடியவில்லை என்று நாங்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். எங்கோ ஒரு வீட்டு நாய் தெருநாயாகி, குளத்தடிக்கு வந்து, சிவப்பியின் மூக்கைக் கடித்து... சரி, விடுங்கள். பேசினால் முடியாது.

செத்தவீடு முடிந்த அடுத்தநாள் காலை, அக்கா புறப்பட்டு நின்றார். கடைசி நாட்களில் அத்தானின் வாயைத் துடைத்துவிட்டவர் அவர்தான். கூடமாட நின்று பார்த்த அவருடைய இரண்டு மகள்மாரும் புறப்பட்டு நின்றார்கள். செத்தவீட்டுத் துடக்கோடு வீட்டைவிட்டு வெளிக்கிடக்கூடாது என்று பெரியவர் ஒருவர் தடுத்தார். அக்கா அவரைத் தாண்டிப் போய் வாசலில் நின்ற வான் வண்டியில் ஏறினார். எதிர்த்துப் பேசவும் இல்லை, நிற்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில், ஊசி போடுகிற அறையில், தாதி நிமிர்ந்து பார்த்தார். “உங்களில ஆரை நாய் கடிச்சது?”

அக்கா கதிரையில் உட்கார்ந்து, சட்டைக் கையைத் தோள்வரை உயர்த்தினார்.

“ஒருத்தரையும் ஒண்டும் கடிக்கேல்லைப் பிள்ளை. அதுதான் வந்தனாங்கள்.”