ஜெயனியின் முதல் நன்மைப் படம்

யாழ்ப்பாணம் குருநகரில் றொசாந்தியிடம் குடும்பப் புத்தகம் செய்யக் கொடுப்பவர்கள் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். திகதி இருக்காது, பெயர் இருக்காது. அவள் அவற்றைக் கணினியில் பக்கம் பக்கமாக அடுக்கி, கீழே இரண்டு வரி எழுதி அச்சுக்கு அனுப்புவாள். யாரும் கற்றுக்கொடுத்த வேலையல்ல. ஸ்ரூடியோ ஒன்றில் ஆறு வருடம் கலியாண அல்பம் ஒட்டியபோது தானாகக் கண்டுபிடித்த வழி ஒன்று இருந்தது: படங்களை முகத்தைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது, உடுப்பைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒரே உடுப்பு என்றால் ஒரே ஆள், ஒரே நாள்.

அற்புதராணியின் புத்தகத்தில் அந்த வழி காலை வாரிவிட்டது.

அற்புதராணிக்கு இரண்டு மகள்மார். மூத்தவள் மெறீனா மன்னாரில். இளையவள் ஜெயனி பிரான்சில். வருகிற மாதம் அவளுக்கு நாற்பது வயது; புத்தகம் அதற்குத்தான். சின்ன வயதில் தன்னை ஒருவரும் படமெடுக்கவில்லை என்று ஜெயனிக்கு இன்றைக்கும் குறை. இடம்பெயர்ந்தபோது வீட்டு அல்பம் போய்விட்டது என்றால், அக்காவின் படங்கள் மட்டும் எப்படி மிஞ்சின என்று கேட்பாள். அவள் வாயை அடைக்க ஒரு படமாவது வேண்டும். சொந்தக்காரரிடமெல்லாம் கேட்டதில், கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்த முதல் நன்மைப் படங்கள் இரண்டு வந்தன. வெள்ளைச் சட்டை, தலையில் நெற் முக்காடு, கையில் மெழுகுதிரி. றொசாந்தி இரண்டையும் ஜெயனியின் பக்கத்தில் வைத்தாள்.

மாதிரியைப் பார்த்த அற்புதராணி, முதலாவது மெறீனா என்றாள். முன்பல் உடைந்திருந்தவள் அவள்தான். மூத்தவளுக்குத் தைத்த சட்டையையே மூன்று வருடம் கழித்து இளையவளும் போட்டாள். நன்மைச் சட்டை அப்படிக் கைமாறும் என்று றொசாந்திக்குத் தெரியாதா? அவளே போட்டது மச்சாளின் சட்டை. எப்படி மறந்தோம் என்று குழம்பினாள்.

"அப்ப மற்றது ஜெயனிதானே, அன்ரி?"

அற்புதராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். "ஜெயனி மாதிரித்தான் கிடக்கு. ஆனால் மூக்கு மூத்தவளின்ரை."

ஈரம் பட்ட படத்தை யாரோ போனில் பிடித்து அனுப்பியது. பெருப்பித்தால் முகம் கலைந்தது. றொசாந்தி சட்டையின் விளிம்பைப் பெருப்பித்தாள். மடித்துத் தைத்த கோடு தெரிந்தது. இளையவளுக்காகக் கட்டையாக்கியதா என்று கேட்டாள். மூத்தவளுக்கே மடித்ததாகவும் அற்புதராணிக்கு ஒரு நினைவு. மெறீனாவுக்கு அனுப்பிக் கேட்டார்கள். அது தன்னுடைய படமில்லை என்றாள் அவள். பத்து நிமிடத்தில் மறுபடி போன் எடுத்து, தன்னுடையதாகவும் இருக்கலாம் என்றாள். ஜெயனியைக் கேட்க வழியில்லை. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை பிரான்சுக்குப் போகிறவரிடம் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். அதற்கு இன்றைக்குப் பின்னேரமே அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். நிச்சயமில்லாத பெயரை றொசாந்தி அச்சில் போடமாட்டாள்.

"நீ ஜெயனி எண்டு போடு பிள்ளை. அவள் கேட்டால் நான் சொல்லுவன்."

"என்னத்தைச் சொல்லுவியள்?"

"நெற் குத்திவிட்டது நான்தான் எண்டு. அது பொய்யில்லையே."

றொசாந்தி அதையே படத்தின் கீழ் எழுதினாள்: 'அம்மா நெற் குத்திவிட்ட காலை.' பக்கத்தின் தலைப்பில் ஜெயனியின் பெயர் இருந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று கனநேரம் பார்த்து, விட்டுவிட்டு அனுப்பினாள்.

அற்புதராணி ஆறுதலாகக் கதிரையில் சாய்ந்தாள். பிறகு, மெறீனாவுக்கும் ஒரு புத்தகம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் கோபிப்பாள் என்றாள்.

"அதிலையும் இந்தப் படத்தைப் போடலாம்தானே, பிள்ளை?"