மூன்றாம் முறை கேட்டவர்

2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. வெயில், காற்றில்லை. ஐந்தரைக்கு எழுந்து தேநீர் வைத்தேன். ட்ராமில் ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போனேன். மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். என் நாட்குறிப்பு எப்போதும் இப்படித்தான் இருக்கும். மனைவி இதை வானிலை அறிக்கை என்பாள். அன்று அவள் ஆசியக் கடையில் வாங்கிய போத்தல் ஒன்றைத் திறந்தாள். உள்ளிப்பூடும் மிளகாயும் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோவாவின் வாசம் வீடெங்கும் பரவியது.

"என்னப்பா இது, பழுதாப்போச்சோ?" என்றாள்.

பழுதாகவில்லை. அந்த வாசத்தோடு பழைய கொரியாக்காரர் நினைவில் வந்திருந்தார், அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில், சுவிஸின் பேர்ண் நகரில் ஓர் உணவகத்தின் நிலவறையில் நானும், என்னைப்போல் இலங்கையிலிருந்து அகதியாக வந்த செல்வராசா அண்ணையும் கோப்பை கழுவினோம். எங்களோடு மூன்றாவதாக நின்றவர் அவர். சியோலில் நாடாளுமன்றச் செய்திகள் எழுதிய நிருபராம். ஆட்சியிலிருந்த ஜெனரல்களுக்கு அவர் எழுத்துப் பிடிக்காமல் வேலை போயிற்றாம். இங்கிருந்து ஒரு வானொலிக்குக் குரல் பதிவுசெய்து அனுப்புகிறாராம். இது அவர் சொன்னது. நாங்கள் நம்பியது வேறு.

நம்பாததற்குக் காரணமும் இருந்தது. தலைமைச் சமையல்காரரிடம் ஒரு பெயரும் எங்களிடம் இன்னொரு பெயரும் சொல்லியிருந்தார். கதவுக்கு முதுகு காட்டி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஏப்ரன் பைக்குள் குரல் பதியச் சின்னதாக ஒரு ரேப் ரெக்கோடர். மயோனைஸ் வந்த வாளியில் கோவா ஊறவைக்க, எங்களுக்கு ஊரிலிருந்து வரும் மிளகாய்த்தூளைக் கேட்டு வாங்குவார். வாங்கிய கையோடு அண்ணையின் தம்பியைப் பற்றி விசாரிப்பார்.

"தூள் கேட்டு வாறவனுக்கு என்ரை தம்பியின்ரை கதை என்னத்துக்கு?" என்பார் அண்ணை.

ஊரில் தம்பியை ராணுவம் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போயிருந்தது. எந்த முகாம் என்று தெரியாது. பெயரை வானொலியில் சொன்னால் கொல்லத் தயங்குவார்கள் என்றார் கொரியாக்காரர். சொன்னால் அன்றைக்கே கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தார் அண்ணை. இடையில் நின்று மொழிபெயர்த்தவன் நான். என் ஆங்கிலத்தில் அப்போது நிகழ்காலம் மட்டுமே இருந்தது.

முதல் தடவை கேட்டபோது அண்ணை ரவி என்றார். அடுத்த கிழமை கொரியாக்காரர் அதையே வேறு மாதிரிக் கேட்க, சிவா என்றார். உண்மைப் பெயரை அவர் எனக்கே சொன்னதில்லை. மூன்றாம் தடவை, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தபோது, கொரியாக்காரர் மெதுவாகச் சொன்னார்: "இரண்டு பெயர் சொன்னார். நான் எதை வாசிப்பது?"

அண்ணையின் முகம் மாறிவிட்டது. அகதி விசாரணையிலும் அவரிடம் அப்படித்தான் கேட்டிருந்தார்கள். போன வருடக் கேள்வியை இந்த வருடம் வேறு வாசலால் கொண்டுவருவார்கள். பதில் பிசகினால் வழக்கு முடிந்தது.

"பாத்தியே? உது வெளிநாட்டுக்காரரை விசாரிக்கிற பொலிஸின்ரை கேள்வி. உவன் அவங்கடை ஆள்தான்."

"அண்ணை, மூண்டு தரமும் ஒரே பதில் வந்தாத்தான் மைக்கிலை சொல்லுவாராம். தன்ரை தொழில்முறை அதாம்."

"பொலிஸின்ரை தொழிலும் உதுதானே! தம்பிக்குப் பேரே இல்லையெண்டு சொல்லு."

சொன்னேன். கொரியாக்காரர் ரெக்கோடரை நிறுத்தினார். "இங்கே எனக்கும் இல்லை" என்றார்.

"என்னவாம்?"

"தனக்கும் பேர் இல்லையாம்."

"கள்ளன்!" என்றார் அண்ணை.

பிறகு கொரியாக்காரர் கேட்கவில்லை. தூள் மட்டும் வாங்கினார். அவருடைய நாட்டில் ஆட்சி தளர்ந்த காலத்தில் ஒருநாள் வேலைக்கு வரவில்லை. வாளி நிலவறையிலேயே இருந்தது. "வந்த அலுவல் முடிஞ்சுது, போயிட்டான்" என்று அண்ணை அதை அப்படியே குப்பையில் கொட்டினார்.

போத்தல் திறந்த அன்று சாப்பிட்டுவிட்டு இணையத்தில் தேடினேன். பெயர் தெரியாத ஆளைத் தேடுவது சுலபமில்லை. கொரியா, வேலை நீக்கப்பட்ட நிருபர், சுவிஸ் என்று மாற்றி மாற்றித் தட்டினேன். கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு ஓடும் ஒரு காணொளி கிடைத்தது. தொலைக்காட்சி அரசியல் விவாதம் ஒன்றைப் பல வருடம் நடத்தியவர் விடைபெறும் நிகழ்ச்சி. தலை முழுக்க நரை. பழைய துண்டொன்றில் ஓர் அமைச்சரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். அமைச்சர் தண்ணீர் குடிக்கிறார், சபை சிரிக்கிறது. திரையில் இருந்த பெயர் எங்களுக்குத் தெரிந்த இரண்டுமில்லை. அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். கடைசியில் ஓர் இளவயதுப் படம் வந்தது: அதே ஏப்ரன், பின்னால் எங்கள் நிலவறைக் கதவு.

அந்த உணவகம் இப்போது கண்ணாடிக் கடை. ஜெனரல்கள் இல்லை. நாங்கள் பயந்த அந்தப் பொலிஸ் அலுவலகத்துக்கு இப்போது வேறு பெயர். அண்ணையிடம் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது. தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

மறுநாள் காலை, தேநீர் வைப்பதற்கு முன்பே, வில் என்ற ஊரில் இருக்கும் அண்ணைக்கு அழைத்தேன்.

"அண்ணை, உந்தக் கொரியாக்காரன் உண்மையாவே ரேடியோக்காரன்தான்."



"வடிவாப் பாத்தியோ?"

"ஓம். மூண்டு தரம்."

"அப்ப எழுதிக்கொள்" என்றார். "தம்பியின்ரை பேர் யோகநாதன்."