அக்கா வீட்டில் கை நனைக்காதவர்

பாலுசாமியை முதன்முதலாகப் பார்த்தது 1997-ல், காந்திபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில். பி.எஸ்சி. முடித்து நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊசியை வைத்துக்கொண்டு நரம்பைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பயப்படாமக் குத்து கண்ணு. ஆறு வருசமா குத்து வாங்குன கை இது" என்றார் அவர்.

கொழுப்பு 174 வந்தது. மாரடைப்பு வந்த வருடம் 290. டாக்டர் அந்தச் சீட்டை வெளியே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க, பீடிய விட்டாரு, நடந்தாரு, வாயைக் கட்டுனாரு. ஆறு வருசமாகியும் அப்படியே நிக்குது!"

பாலுசாமி சிரிக்கவில்லை. "ஏனுங்க டாக்டர், விசேசத்துக்கு ஒரு நாள் தின்னா என்னாகுமுங்க?"

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது. தாராளமாச் சாப்பிடுங்க."

அந்தப் பதிலில்தான் அவர் முகம் தொங்கிப்போனது.

கணபதியில் மோட்டார் பட்டறை மேஸ்திரி அவர். நாற்பத்தெட்டு வயதில், வேலை நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். பிழைத்து வந்ததும் மனைவி சாந்தாமணி எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். டாக்டர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பிசகக்கூடாது என்று பயம் இருவருக்கும்.

அந்தப் பயத்தோடுதான் அடுத்த வருடம் அக்கா பாவாத்தாள் வீட்டுக் கறி விருந்துக்குப் போனார். கீரணத்தத்தில் அக்கா புது வீடு கட்டிக் குடிபோயிருந்தார். தாயில்லாத தம்பியை வளர்த்து, கல்யாணத்தில் கூடப்பிறந்தவள் செய்யும் இணைச்சீரும் செய்துவைத்த அக்கா. தம்பிக்கென்று தனியாக நாட்டுக்கோழி வறுத்து, இலை போட்டு உட்காரவைத்தார். சம்பந்திகள், பங்காளிகள் பார்த்துக்கொண்டிருக்க, பாலுசாமி இலையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பையிலிருந்து தூக்குப்போசியை எடுத்தார். உப்பில்லாத சோறும் வேகவைத்த பீன்சும்.

பகையாளிதான் வீட்டுக்கு வந்தும் கை நனைக்காமல் போவான்.

"ஏண்டா பாலு, எஞ்சோத்துல நஞ்சா வெச்சிருக்குது?"

"டாக்டரு சொல்லிப்போட்டாருங்கக்கா."

"டாக்டரா உன்னைய வளத்துனாரு?"

ஒரு வாய் ரசஞ்சோறு தொட்டிருந்தால் போதும். அது அவருக்குத் தோன்றவேயில்லை. அதற்கப்புறம் எழவு வீட்டில் எதிர்ப்பட்டால் அக்கா "வாங்க" என்பார். "டே பாலு" போய்விட்டது. பாலுசாமிக்குக் கோழியின் மேல் ஏக்கமில்லை. பக்கத்தில் நின்று, "இன்னொரு கரண்டி போட்டுக்கடா, வாடிப்போயிட்டே" என்று அதட்டும் அந்தக் குரல் வேண்டும்.

சரவணம்பட்டியில் இருந்த தன் வீட்டிலிருந்து தினமும் நடக்க அவர் தேர்ந்தெடுத்தது கீரணத்தம் ரோட்டைத்தான். ஊரெல்லை வந்ததும் திரும்பிவிடுவார். டீக்கடை மாசாணம் ஒருநாள் கேட்டேவிட்டார்: "ஏனுங்க மேஸ்திரி, எங்கூரு எல்லைய டெய்லி அளந்துபோட்டுப் போறீங்க. உள்ள வந்தா வரியா போடப்போறோம்?"

டாக்டர் பதில் சொன்ன மறுநாள் காலை, பாலுசாமி எல்லையில் திரும்பவில்லை. அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க."

"தண்ணி குடுங்கக்கா."

"போசியில கொண்டாரலீங்களா?"

அக்கா உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்து நீட்டினார். பாலுசாமி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"அன்னைக்கு ஒரு நாளு தின்னிருக்கலாமுங்கக்கா. ஒண்ணும் ஆயிருக்காதாம். டாக்டரே சொல்லிப்போட்டாரு."

"அதைச் சொல்றதுக்கும் டாக்டருதான் வேணுமாக்கும்" என்று சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார் பாவாத்தாள்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது; இப்போது பாலுசாமிக்கு ஐம்பத்தாறு வயது. நெஞ்சுவலி திரும்ப வரவில்லை. தினமும் கீரணத்தம் வரை நடந்து, அக்கா வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புகிறார். பாவாத்தாள் இன்னும் "வாங்க" என்றுதான் சொல்கிறார். சாப்பிடச் சொன்னதில்லை.