கில்பட் செய்த வில்லன்

கற்பிட்டிக் கடைத்தெருவில் கில்பட்டின் சலூனுக்கும் என் கைபேசிக் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காலையில் நான் கடை திறக்கும்போதே யாராவது ஒருவர் அவருடைய சாய்வுக் கதிரையில் கழுத்தை நீட்டிக் கொடுத்திருப்பார். கில்பட் கத்தியை எடுப்பதற்கு முன்னால் அந்த முகத்தை இரண்டு கைகளாலும் தடவிப் பார்ப்பார், சந்தையில் பப்பாசிப் பழம் வாங்குகிறவர்கள் அமுக்கிப் பார்ப்பதுபோல. "இடப்பக்கத் தாடை வீங்கியிருக்கு. போய் பல்லக் காட்டுங்க" என்பார். ஊரில் பாதிப்பேரைப் பல் வைத்தியரிடம் அனுப்பியவர் இவர்தான்.

நல்ல மனிதர். மனைவி போன பிறகு தனியாக நின்று மகள் ஷானிகாவை வளர்த்து, பாலர் பாடசாலை ஆசிரியையாக ஆக்கியவர். ஆனால் ஒரு எண்ணம் மண்டையில் ஏறிவிட்டால் இறக்குவதற்கு நாலு பேர் வேண்டும்.

அந்த எண்ணத்தை ஏற்றிவிட்டவன் நான்தான் என்று மர்ளியா, அதாவது என் மனைவி, இன்றைக்கும் சொல்கிறாள். நான் செய்ததெல்லாம் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்ததுதான். ஏதோ வெளிநாட்டு மண்டபத்தில் பிரபலமானவர்களை மெழுகில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஒரு காற்பந்து வீரரின் உருவத்தைப் பார்த்து உலகமே சிரிக்கிறது. கில்பட் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என்னை அவர் 'நானா', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"இது ஆரு, ஹுனைஸ் நானா?"

பெயரைச் சொன்னேன்.

"இவரா? இவர்ட பெரியப்பா மாதிரி இருக்கு. மொகத்தத் தொட்டே பாக்காத ஆள் செஞ்சிருக்கான்" என்றவர், கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதே நான் வீடியோவை மூடியிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் சலூன் பின்னறையிலிருந்து மெழுகு உருகும் வாசம் வந்தது. அங்கே அதுபோல ஒரு மெழுகு மண்டபம் திறக்கப்போகிறாராம். வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கத்தோலிக்கரின் கோயில் திருவிழாவில் ஆயிரக்கணக்கான மெழுகுதிரிகள் எரியும் அல்லவா, அவற்றின் அடிக்கட்டைகளைச் சாக்கில் கட்டி வாங்கி வந்திருந்தார். கோயிலில் ஏற்றிய மெழுகில் சினிமாக்காரரைச் செய்யலாமா என்று சில பெண்கள் பாதரிடம் முறையிட்டார்கள். பாதர் சிரித்துவிட்டு, "வீட்டைக் கொளுத்தாமச் செய்யச் சொல்லுங்க" என்றாராம். உடம்புக்கு, புத்தளத்துத் துணிக்கடை ஒன்று கழித்துப்போட்ட பொம்மைகள். அவற்றை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தபோது கண்டக்டர் இனாஸ் ஆளுக்கு ஒரு டிக்கெட் கேட்டதாகக் கேள்வி. தலைமுடிக்குப் பஞ்சமே இல்லை. சலூன் தரையைக் கூட்டினால் போதும்.

எங்கள் மார்க்கத்தில் உருவம் செய்வது ஆகாத காரியம். அதனால் நான் ஒரு உதவியும் செய்யவில்லை. நடிகர்களின் படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அது உதவியில் சேருமா என்று மர்ளியாவிடம் கேட்டால் ஒரு பார்வை பார்ப்பாள்.

படங்கள் கொடுத்தும் என்ன பயன்? கில்பட் அவற்றைச் சுவரில் ஒட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெழுகைப் பிசைவார். அவருடைய கைக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊர் முகங்கள். நாள் முழுக்க அவற்றைத்தானே தடவுகிறார். புகழ்பெற்ற பந்துவீச்சாளர் ஒருவரைச் செய்தார். வந்து பார்த்த எல்லோரும், "அட, நம்மட கண்டக்டர் இனாஸ்!" என்றார்கள். நடிகை ஒருத்தியைச் செய்தார். அது கில்பட் மீசையை மழித்துச் சேலை கட்டியதுபோல நின்றது. மத்தியான வெயிலில் அவளுடைய மூக்கு வேறு கொஞ்சம் தொங்கிவிட்டது. நனைத்த சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, மின்விசிறியைத் திருப்பிவைத்து மூக்கைக் காப்பாற்றினார்.

கில்பட்டோ ஒன்றையும் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு மொகம் பாக்கத் தெரியா" என்று எங்களைத்தான் ஏசினார்.

அதோடு விட்டிருக்கலாம். "புலிக்கண் பூபதி" என்று ஒரு வில்லன் நடிகர் இருக்கிறார். படத்துக்குப் படம் ஊரைக் கொளுத்துவார், கடைசியில் அடிவாங்குவார். அவரைச் செய்யாமல் மண்டபம் திறக்கமாட்டேன் என்று நின்றார் கில்பட். செய்தும் முடித்தார். திறப்பு நாளன்று நான் வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தேன். பின்னறையின் மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர் பூபதி அல்ல, மனுவேல் சம்மாட்டி.

படகும் வலையும் வைத்து ஆள்பிடித்துத் தொழில் செய்கிறவரை இந்தக் கரையில் சம்மாட்டி என்பார்கள். மனுவேல் பெரிய சம்மாட்டி. சிரித்தால் மீன் விலை இறங்கிவிடும் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு திரிகிறவர். அவர் கில்பட்டின் பழைய வாடிக்கைக்காரர். அது மட்டுமானால் பரவாயில்லை. அவருடைய மூத்த மகனுக்குத்தான் ஷானிகாவைப் பேசியிருந்தார்கள். கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியாயிற்று. கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணமக்களின் பெயரைச் சொல்லி, யாருக்காவது தடை தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று பாதர் அறிவிப்பார். இரண்டு ஓலை முடிந்து, மூன்றாவதுதான் மிச்சம்.

"கில்பட், இத இப்பவே மூடுங்க" என்றேன்.

"என்னத்துக்கு?"

"இது மனுவேல் சம்மாட்டி."

"உங்களுக்கென்ன பைத்தியமா நானா? இது பூபதி."

"சரி, அந்த மீசையும் புருவமும் ஆர்ட?"

கில்பட் கொஞ்சம் தடுமாறினார். போன வருடம் மனுவேலின் மகன் போன படகு இயந்திரம் பழுதாகி, நடுக்கடலில் திசை தெரியாமல் மிதந்தது. பிள்ளை கரை சேர்ந்தால் திருவிழா வரைக்கும் தாடி வளர்ப்பதாக மனுவேல் நேர்த்தி வைத்தார். பிள்ளை வந்தான், தாடியும் வளர்ந்தது, திருவிழா முடிந்ததும் கில்பட்டின் கதிரையில்தான் அதை எடுத்தார்கள்.

"நேர்த்தி முடி. குப்பையில போட மனசு வரல்ல. பக்குவமா எடுத்து வெச்சிருந்தன்" என்றார் கில்பட்.

"அதக் கொண்டுபோய் வில்லனுக்கா ஒட்டினீங்க?"

அவர் வாயைத் திறந்தபடி உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுநாள் விடிவதற்குள் கதை கடற்கரைக்குப் போய்விட்டது. வலை இழுக்கிறவர்கள் மனுவேலின் முதுகுக்குப் பின்னால் "பூபதி வாறார், பூபதி வாறார்" என்று சொல்லத் தொடங்கினார்கள். சனிக்கிழமை அவரிடமிருந்து ஆள் வந்தது. பின்னேரம் பாதரிடம் போகப்போகிறாராம். மூன்றாம் ஓலை வாசிக்கப்படாதாம்.

ஷானிகா அழுதுகொண்டு சலூனுக்கு ஓடிவந்தாள். "அப்பா, ஒங்கட ஒரு பொம்மைக்காக என்ட வாழ்க்கை போகுது" என்றாள். கில்பட் மெழுகு உருக்கும் சட்டியை அடுப்பில் வைத்தார். பிறகுதான் உருவத்தைத் திரும்பிப் பார்த்தார். அதுதான் அவர் செய்தவற்றில் உயிரோடு இருப்பதுபோல வந்த ஒரே முகம். அதை அழிக்க அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மகளைவிட மெழுகு பெரிதா?

சட்டி சூடாவதற்குள் மனுவேல் வந்துவிட்டார். பாதரிடம் போகிற வழியில், அந்தக் கூத்தைத் தன் கண்ணால் ஒருமுறை பார்க்க வந்தாராம். பின்னால் அவருடைய மனைவி றோசமேரி மூச்சு வாங்கிக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருந்தார். மனுவேல் நேரே பின்னறைக்குப் போய் உருவத்தின் முன்னால் நின்றார். நானும் மார்க்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டு மனுவேலும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எது மெழுகு என்று கேட்டால், அசையாமல் நின்றதை வைத்துச் சொல்லியிருக்க முடியாது.

"இதுவா நான்?" என்றார் மனுவேல்.

"இல்லங்க சம்மாட்டி. பூபதியத்தான் செஞ்சன். தவறிப்போச்சு. இந்தா, இப்பவே உருக்கிர்ரன்" என்றார் கில்பட்.

"உருக்கினா? உருக்கினா ஊர் என்ன சொல்லும்? மனுவேல் வந்து வெருட்டினான், அவன்ட மொகம்தான், அதனாலதான் உருக்கினாங்க எண்டு சொல்லும்."

"அப்ப, அப்படியே வெக்கவா?"

"வெச்சா நான் ஒவ்வொரு நாளும் இதில நிண்டு பல்லக் கடிக்கணுமா?"

உருக்கினாலும் குற்றம், வைத்தாலும் குற்றம். ஷானிகா சுவரோடு ஒட்டி நின்றாள். மனுவேல் பாதரிடம் போகத் திரும்பினார்.

அந்த நேரத்தில்தான் றோசமேரி உள்ளே வந்தார். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே இருட்டு. கில்பட்டுக்கு ஒரு உருவத்தை எப்படி நிறுத்துவது என்றால் கோயிலில் பார்த்த மாதிரித்தான் தெரியும். மீன்பெட்டிகளை அடுக்கி, வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வில்லனை ஏற்றி, சுற்றிவர மினுக்கு பல்புகளும் கட்டியிருந்தார். இந்தக் கரையில் வேதக்காரப் பெண் ஒருத்தி புனிதர் ஒருவரின் சுரூபத்துக்கு முன்னால் வந்தால் யோசிக்கவா போகிறாள்? றோசமேரி முக்காட்டை இழுத்துவிட்டார். கையை நீட்டி உருவத்தின் காலைத் தொட்டு, தொட்ட விரலை முத்தமிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணை மூடி, உதடு அசைய, "இந்தக் கலியாணத்த நடத்தித் தாருமையா" என்று கேட்டார்.

றோசமேரி கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

"யேசுவே! இந்த மனிசன்ட காலையா தொட்டன்?"

மனுவேலின் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல ஒரு சத்தம் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது, நெஞ்சுவலி என்று நினைத்தேன். பிறகு தோள் குலுங்கியது. பிறகு முகம் முழுவதும் உடைந்து, ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்! கன்னத்தில் குழி விழுந்தது. கண் இரண்டும் காணாமல் போயின. "கலியாணம் கட்டின நாளில இருந்து… ஒரு நாளாவது… என்ட காலத் தொட்டிருக்கியா நீ?" என்று விட்டு விட்டுச் சொல்லி, மீன்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உருவம் ஆடியது. ஷானிகா ஓடிப்போய் அதைப் பிடித்தாள். அவளும் அழுகையும் சிரிப்புமாக நின்றாள்.

கில்பட் மட்டும் சிரிக்கவில்லை. மனுவேலின் கிட்டப் போய், கேட்காமலே அவருடைய முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தார். கன்னக் குழியில் பெருவிரலை வைத்துப் பார்த்தார்.

"இத நான் தொட்டதே இல்ல. எத்தின வருசமா சவரம் செய்றன், இப்படி ஒரு மொகம் உள்ளுக்க இருக்கிறது எனக்குத் தெரியா" என்றார். பிறகு உருவத்தைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சத்தியமா, இது நீங்க இல்ல."

அந்த மனிதர் தான் செய்த ஒன்று தவறு என்று ஒத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். எனக்கே கண் கலங்கிவிட்டது, ஏன் மறைக்கவேண்டும்.

மனுவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழைய முகத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளப் பார்த்தார், அது பிடிபடவில்லை. "சட்டிய எறக்கு கில்பட்" என்றார். "அது நானில்லாட்டி என்னத்துக்கு உருக்கணும்? அது பூபதியாவே நிக்கட்டும். நாளைக்கு ஓலைய வாசிக்கச் சொல்லு."

ஷானிகா வாய்க்குள் "மாமா" என்றாள். முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டாள். மனுவேலுக்கு அது கேட்டது என்பது அவருடைய காதுகள் சிவந்ததில் தெரிந்தது.

றோசமேரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு இன்னும் ஓயாத அந்த முகத்தை அவர் எவ்வளவு காலத்துக்குப் பிறகு பார்க்கிறாரோ தெரியாது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உருவத்தை ஒருதரம், புருசனை ஒருதரம் பார்த்தார்.

"கலியாணத்தண்டைக்குக் கோயிலுக்கு இந்த மொகத்தோட வாங்க" என்றார். "மத்தது இங்கேயே நிக்கட்டும்."