காய்த்த விரலுக்கு ஒரு ஸ்டார்

பாபநாசம் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற பெண் என் காலடியில் வைத்திருந்த பையிலிருந்து நனைந்த பீடி இலை வாசம் வந்தது. என் கட்டைவிரல் தானாக மடங்கியது.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் எங்கள் உழைப்பை விரலில்தான் பார்ப்பார். எழுதி எழுதிக் காய்த்த விரலென்றால் சட்டையில் காகித ஸ்டார் குத்துவார். என் விரல் வீட்டில் பீடி இலை வெட்டிக் காய்த்தது. எனக்கும் குத்தினார்.

அம்மாவுக்குச் சந்தோஷம். "இனி கத்தரியத் தொடாதலே. போய் எழுது" என்றாள். தினமும் எழுதினேன். கத்தரி பிடிக்காததால் காய்ப்பு வற்றிவிட்டது.

டீச்சர் விரலைத் தடவிப் பார்த்தார். "ஸ்டார் கெடச்சதும் சோம்பேறி ஆயிட்டியாலே?" என்று கழற்றிக்கொண்டார்.

அம்மா வெறுஞ்சட்டையைப் பார்த்தாள். கத்தரியை என் பக்கம் நகர்த்தினாள்.

"அண்ணாச்சி, அந்தப் பைய எடுத்துத் தாங்க" என்றாள் பஸ்ஸில் அந்தப் பெண். எடுத்துக் கொடுத்தேன்.