ஆத்தா பேரில் ஒரு நெட்வொர்க்

அந்தப் பெயரை நான் இங்கே எழுதக் கூடாது. பலகை, ரசீது, விளம்பரம் எதிலும் இனி அதைப் பயன்படுத்த மாட்டோம் என்று நானும் என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். சொந்தக் கதையை எழுதினால்கூடவா என்று எங்கள் வக்கீலம்மாவைக் கேட்டேன். எதற்கு வம்பு, விட்டுவிடுங்கள் என்றார். அதனால் எங்கள் குலதெய்வமான ஆத்தாவின் பெயர், பின்னால் ஒரு 'நெட்' என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

துடியலூரில்தான் எங்கள் நெட்வொர்க். முதலில் என் வீட்டுக்காரர் பக்கத்துப் பட்டறைகளின் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுத்தார். பிறகு வீடுகளுக்கு இன்டர்நெட். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடி மாடியாக அவரே ஏறி வயர் இழுப்பார். நான் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து புகார் வாங்குவேன். இடி இடித்தால் ஊருக்கெல்லாம் மழை வரும், எனக்கு ஃபோன் வரும். பெயர் வைத்தது அவர். அதை டிரேட்மார்க்காகப் பதியச் சொல்லி நச்சரித்தது நான். சாமி பெயருக்குப் போய்ப் பத்திரமா என்று முனகிக்கொண்டேதான் வந்து கையெழுத்துப் போட்டார்.

சில வருடங்களுக்கு முன் காய்கறிக் கடையில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் விற்ற வைஃபை பெட்டி அடிக்கடி நின்றுபோகிறதாம். நாங்கள் பெட்டியே விற்பதில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிச் சாமான், மேலே எங்கள் பெயர், ஒரு எழுத்துகூட மாறாமல். வாயில் சுலபமாக நுழைகிறது என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரில் தேடி எடுத்த பெயர் என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் ஆத்தாவையும் அவர்களுக்குத் தெரியாது, எங்களையும் தெரியாது.

அதன்பிறகு அவர்கள் பெட்டி நின்றால் என் ஃபோன் அடித்தது. பெயரைப் போட்டுத் தேடினால் அவர்கள் முன்னால் வந்தார்கள், நாங்கள் எங்கோ அடியில் கிடந்தோம். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அந்த வீடுகளுக்கெல்லாம் போய் அவர்கள் பெட்டியை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார். ஏனுங்க இப்படி என்று கேட்டால், நம்ம பேரு போட்டிருக்குதே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கம்பெனிமேல் கேஸ் போட்டோம். நீங்கள்தான் முந்தியவர்கள், பதிவும் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார் வக்கீலம்மா. ஆனால் அவர்கள் தரப்பு பதிலோடு படங்கள் வந்தன. சிங்காநல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் கடை, பொள்ளாச்சியில் ஒரு கேபிள் இன்டர்நெட். இரண்டிலும் எங்கள் பெயர்தான். இத்தனை பேரை விட்டுவிட்டு எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

இரண்டு பேரும் எங்கள் பங்காளிகள். ஒரே குலம், ஒரே கோயில். எங்கள் பக்கத்தில் லாரி வாங்கினாலும் தறி போட்டாலும் ஆத்தா பெயர்தான் முதலில் ஏறும். பொள்ளாச்சிக்காரர் தொழில் ஆரம்பிக்கும்போது வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து, அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளட்டுமா என்று முறையாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று தட்டை வாங்கிக்கொண்டார். மறுநாள் பொள்ளாச்சிக்குப் போய் அவருக்கு வயரும் இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். சிங்காநல்லூர்க்காரரும் இவரிடம் கேட்டுத்தான் வைத்தார்.

வக்கீலம்மா சுலபமான வழி ஒன்று சொன்னார். எங்கள் அனுமதியின் பேரில்தான் பயன்படுத்துவதாக அந்த இருவரும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், பெயர் எங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்று காட்டிவிடலாம். இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"பங்காளிகிட்டப் போயி, ஆத்தா பேர எனக்குக் கீழ எழுதிக் குடுன்னு எப்படி அம்மணி கேக்கறது? அப்பறம் கோயில்ல அவிய மூஞ்சில முழிக்க முடியுமா?"

கொஞ்ச நாள் நான் அவரோடு பேசவில்லை. பிறகு நானே கேட்டுவிடுவது என்று பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினேன். அந்த வீட்டில் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார்கள், இளநீர் வெட்டினார்கள், கிளம்பும்போது ஒரு பை தேங்காயும் கொடுத்தார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லிவிட்டுத் தேங்காயைச் சுமந்துகொண்டு திரும்பினேன்.

கோர்ட்டில் அவர்கள் வக்கீல் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். அந்த இரண்டு பேருக்கும் பெயரைக் கொடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் அனுமதி கொடுத்தேன் என்று சொல்லுங்கள், மேலே ஒரு வார்த்தை வேண்டாம் என்று வக்கீலம்மா இவருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது பொய்யும் இல்லை. இவர் கூண்டில் கை கட்டி நின்றார்.

"அது ஆத்தா பேருங்க. குடுக்கறதுக்கு நானு யாருங்க?"

அதை அப்படியே டைப் செய்துகொண்டார்கள். அவர்கள் வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். வக்கீலம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்தது, கோபமா துக்கமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

பெயர் எங்களுடையது இல்லை என்று அவர் வாயாலேயே வந்துவிட்டதால் கேஸ் தோற்றது. மேல்முறையீடு போனாலும் சென்னைக்கும் இங்கேயுமாக அலைய வேண்டியதுதான், கையில் எதுவும் மிஞ்சாது என்றார்கள். கடைசியில் சமரசம் என்று பெயர் பண்ணி, பெயரை விட்டுவிடுவதாக அந்தக் கம்பெனிக்காரர்கள் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். பலகையை இவரே ஏணி வைத்துக் கழற்றினார். புதுப் பெயர் சொல்லச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டேன். எதுவும் தோன்றவில்லை என்கிறார். இணைப்புகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஃபோனை எடுத்ததும் பழக்கத்தில் பெயரின் முதல் எழுத்து அவர் வாயில் வரும், பிறகு நிறுத்திக்கொண்டு சொல்லுங்க என்பார். அதைக் கேட்கச் சகிக்காமல் நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

போன மாதம் பொள்ளாச்சிப் பங்காளி வந்தார். அவருக்கும் அந்தக் கம்பெனி நோட்டீஸ் அனுப்பிவிட்டதாம், பலகையை இறக்கிவிட்டாராம். எங்கள் கேஸ் பற்றிய முழு விவரமும் அப்போதுதான் அவர் காதுக்குப் போயிருக்கிறது. காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே எழுதிக் குடுத்திருப்பனேங்க. உங்ககிட்டக் கேட்டுத்தானுங்க நானு பேரே வெச்சேன்."

காபி ஆறிப்போச்சு, வேற போட்டுக் கொண்டா என்றார் இவர் என்னிடம். டம்ளரை எடுக்கக் குனிந்தவள் பங்காளியின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனேன்.